லைன் அண்ணன் நடத்திய சபை

ஆம்பூரில் வேலையில்லாத் திண்டாட்டத்தை அடியோடு ஒழித்தவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் லைன் அண்ணன்தான். அவர் கண்ணில் பட்ட எவனும் வேலை கிடைக்காமல் வீடு திரும்பியதில்லை. சம்பளம் மட்டும் யாருக்கும் கிடையாது.

வார நாட்களில் அவர் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மேல்தோலை அச்சில் ஏற்றி இழுத்து ஒட்டும் லைன் அவர் பொறுப்பு. யாராவது எழுந்து பாத்ரூம் பக்கம் போனால் போதும், திரும்பி வருவதற்குள் அந்த இடத்தில் இன்னொருத்தரை உட்கார வைத்திருப்பார். லைன் நிற்கக் கூடாது என்பதுதான் அவருடைய வேதம். அதனால் ஊருக்கே அவர் லைன் அண்ணன்; சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மார்மன் என்கிற கிறிஸ்தவ சபையின் ஆம்பூர் கிளைக்குத் தலைவர்.

அந்தச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்த சபையில் சம்பளம் வாங்கும் போதகர் இருக்கிறார், மணியடிக்க ஆள் இருக்கிறார். நாங்கள் போய் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கிக்கொண்டால் போதும். மார்மன்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஊர்ச் சபைகளில் சம்பளப் போதகரே கிடையாது. பிரசங்கம் செய்வது, பாடம் எடுப்பது, அப்பம் பிட்டுக் கொடுப்பது, நாற்காலி துடைப்பது எல்லாமே சபையார் தலையில்தான். யாருக்கு எந்தப் பொறுப்பு என்று முன்னால் நின்று படிப்பார்கள். சம்மதம் என்றால் வலது கையைத் தூக்க வேண்டும். எதிர்ப்பு உண்டா என்றும் கேட்பார்கள், அதற்கும் கைதான். பெரிய ஊரில் ஆளுக்கு ஒரு பொறுப்போடு போய்விடும். இருபது சொச்சம் பேர் வரும் ஆம்பூரில் தலைக்கு மூன்று விழும்.

நான் மாட்டிக்கொண்டது ஒரு கீபோர்டினால். அதே கம்பெனியில் நான் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். சின்ன வயதில் எங்கள் சபையில் கீபோர்டு வாசித்தவன் என்று யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வாசிக்கிற பெண் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், ஒரே ஒரு ஞாயிறு வந்து போங்கள் என்று கெஞ்சினார். போனேன். பைபாஸ் பக்கம் ஒரு பிரியாணிக் கடை மாடியில் வாடகை ஹால். மூன்று பாட்டு வாசித்து முடித்து எழுந்தபோது என் பெயரைப் படித்தார்கள். நான் சுதாரிப்பதற்குள் எல்லாக் கையும் மேலே போய்விட்டது.

நான் உங்கள் சபையில் உறுப்பினனே இல்லையே என்று அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"மெம்பர் ஆவறது உங்க இஷ்டம் சார்" என்றார். "கீபோர்டு நம்ம இஷ்டம்."

ஞானஸ்நானம் வாங்காமல் போஸ்டிங் வாங்கியவன் அந்தக் கிளையில் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். அடுத்த மாதம் குமார் வந்தான். சாப்பாடு டெலிவரி செய்கிறவன். பார்சல் எடுக்க வந்த இடத்தில் தப்பான படியில் ஏறி, தலையில் ஹெல்மெட்டோடு ஜெபத்தின் நடுவில் நுழைந்தான். "பிரியாணி எங்க?" என்று கேட்டவனை லைன் அண்ணன் வாசலிலேயே நிறுத்தி, வருகிறவர்களுக்குக் கைகொடுக்கும் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு எவனோ ஒரு வாடிக்கையாளன் பசியில் சபித்திருப்பான். குமார் அதற்கப்புறம் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. முறைப்படி ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டான்.

அண்ணனுக்கு இதில் ஒரு சித்தாந்தமே இருந்தது. ஒருநாள் கேன்டீனில் அதைச் சொன்னார்.

"வேலை இல்லாதவன் ஒரு வாரம் வரலன்னா யாருக்கு சார் தெரியும்? ரெண்டு வாரம் வர மாட்டான், அப்பறம் வரவே மாட்டான். அவன் கையில ஒரு சாவி இருந்தா? மொத்த சபையும் படியில நின்னு அவனத் தேடும்."

அதனால் அவர் எல்லாருக்கும் சாவி கொடுத்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் மெர்சி பெண்கள் சங்கத்துக்குத் தலைவி, ஞாயிறு பள்ளி ஆசிரியை, முதலுதவியும் அவள்தான். காது கேட்காத பெரியவர் ஒருவருக்கு மைக் செட் பொறுப்பு. தன் மனைவிக்கே நாலாவது பொறுப்பைப் படித்த அன்று, எதிர்ப்பவர்கள் உண்டா என்றதும் அந்த அம்மாள் விறைப்பாகக் கையைத் தூக்கினார். உங்களுக்குச் சோறாக்குவதே பெரிய போஸ்டிங் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அண்ணன் அசரவில்லை. அப்புறம் பேசிக்கொள்வோம் என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார். கொடுத்த பொறுப்பை யாரிடமிருந்தும் அவர் திரும்ப வாங்கியதே இல்லை. மேலே மேலே ஏற்றுவாரே தவிர இறக்க மாட்டார்.

பெரிய சோதனை மாதத்தின் முதல் ஞாயிறுதான். அன்றைக்கு அவர்களுக்கு உபவாசம். இரண்டு வேளை சாப்பாடு இல்லை, தண்ணீர்கூட இல்லை. ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். சரியாகச் சாட்சி சூடுபிடிக்கும் நேரத்தில் கீழே பிரியாணி தம் உடைப்பார்கள். வாசனை ஜன்னல் வழியாக வந்து வரிசை வரிசையாக உட்காரும். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மைகள் என்று ஆரம்பித்தவர்கள் அதோடு நிறுத்தி எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சபை மேலிடத்தின் சார்பில் பெங்களூரிலிருந்து பார்வையிட வந்த ஒருவர், சபையார் கண்ணில் நீர் நிற்பதைப் பார்த்துவிட்டு இவ்வளவு உருக்கத்தை எங்கேயும் கண்டதில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அண்ணன் கீழே இறங்கிக் கடைக்கார பாயிடம் முறையிட்டார். பாய் முதலில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டீர்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

"நோன்புன்னா நோன்புதான் தோஸ்த். அந்த ஒரு நாள் அரை மணி லேட்டா தம் உடைக்கிறேன். நீங்க லேட் பண்ணா எனக்கு வியாபாரம் பேஜாராயிடும்."

இத்தோடு அண்ணன் விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. கூட்டம் நேரம் கடந்தால் எச்சரிக்கும் பொறுப்பை பாய்க்கே கொடுத்துவிட்டார். அதிலிருந்து, பிரசங்கம் நீண்டால் கீழே பிரியாணி தேக்சாவில் கரண்டியால் மூன்று தட்டு விழும். எப்பேர்ப்பட்ட பிரசங்கியும் ஆமென் சொல்லிவிடுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த லைன் போன வருஷம் ஆட்டம் கண்டது. கம்பெனிகளில் ஆர்டர் கம்மியாகி, இரண்டு குடும்பங்கள் ஓசூர் பக்கம் போய்விட்டன. ஆளைக் குறைத்துவிட்டதால் இருந்தவர்களுக்கு ஞாயிறு ஓவர்டைம். ஆம்பூர் கிளையை மூடிக் காட்பாடியோடு சேர்த்துவிடலாமா என்று மேலே யோசிப்பதாகத் தகவல் வந்தது. காட்பாடிக்கு ரயிலேறிப் போய் வர ஞாயிறு முழுக்க வேண்டும். யாரும் போக மாட்டார்கள் என்று அண்ணனுக்குத் தெரியும். கேன்டீனில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது.

பெங்களூர்க்காரர் மறுபடி வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. தன் சொந்தக்காரர்கள் ஐம்பது பேரை வெள்ளைச் சட்டையில் கொண்டுவந்து உட்கார வைக்கிறேன் என்று பாய் சொன்னார். கள்ளக் கணக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டு, அண்ணன் வீடு வீடாகப் போனார். போன இடத்திலெல்லாம் டீயை நீட்டினார்கள். அவர்கள் சபையில் டீ, காபி ஆகாது. அவர் வெந்நீர் வாங்கிக் குடித்தே வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். ஆனால் அந்த ஞாயிறு, வராமல் நின்றவர்களில் பாதிப் பேர் வந்தார்கள்.

பெங்களூர்க்காரரும் சம்பளமில்லாத ஆள்தான், ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். ஆம்பூர் கிளை ஆம்பூரிலேயே இருக்கும் என்று அறிவித்தார். மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அன்றைக்கு உபவாசம்கூட இல்லை.

பிறகு அவர் ஒரு தாளை எடுத்தார். இவ்வளவு வருஷம் உழைத்த தலைவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறோம், நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் வலது கையை உயர்த்தலாம் என்றார்.

ஒரு கையும் எழவில்லை.

அவர்கள் சபையில் இது சாதாரண நடைமுறைதான். தலைவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், மாறும்போது நன்றிக்குக் கை தூக்குவார்கள். ஆனால் ஆம்பூரில் யாரையும் விடுவித்ததே இல்லையே. கை தூக்கினால் அண்ணனை அனுப்பச் சம்மதம் என்று அர்த்தம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பெங்களூர்க்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். இத்தனை பேருக்கும் இவர்மேல் இவ்வளவு வெறுப்பா என்று அவர் முகத்தில் தெரிந்தது. விளக்கிச் சொன்னார். இன்னும் இறுக்கமாகக் கையைக் கட்டிக்கொண்டார்கள். அண்ணனின் மனைவி இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அண்ணனே எழுந்தார்.

"தூக்குங்கப்பா. லைன் நிக்குது."

அவர் சொல்லை யாரும் தட்டிப் பழக்கமில்லை. கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நானும் தூக்கினேன். புதுத் தலைவராகக் குமார் பெயரைப் படித்தார்கள். அண்ணன் மேடையிலிருந்து இறங்கிக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

அடுத்த ஞாயிறு அவரைக் காணோம். பாட்டு ஆரம்பிக்கும் நேரம் தாண்டியும் வரவில்லை. குமார் என்னைப் பார்த்தான். நான் கீழே இறங்கினேன். கடையோரம், சலவை வெள்ளைச் சட்டையில், மாடிப்படியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"ஏன்ணே இங்கயே நின்னுட்டீங்க?"

"மேல எனக்கு இன்னா வேலைன்னு யாரும் சொல்லலயே சார்."

"வேலை ஒண்ணும் இல்லண்ணே. சும்மா வந்து உக்காருங்க."

"சும்மாவா?" என்றார். அப்படி ஒரு ஏற்பாடு உலகத்தில் இருப்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டவர் மாதிரி விழித்தார். நீங்கள் வராமல் யாரும் பாட்டு ஆரம்பிக்கவில்லை, எல்லாரும் உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு எனக்கு முன்னால் படியேறினார்.

கீபோர்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். இத்தனை வருஷத்தில் பாட்டு நடக்கும்போதெல்லாம் அவர் யாரையாவது தேடி அலைந்துகொண்டிருப்பார், ஒரு வரி பாடியும் நான் கேட்டதில்லை. அவ்வளவு கர்ண கடூரமான குரலை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஆனால் இப்போது அவருக்கு ஓவர்டைம் இருக்கிற ஞாயிறுகளில், பக்கத்தில் அந்தக் குரல் இல்லாமல் எனக்கு வாசிக்கவே பிடிப்பதில்லை.