காய்ச்சல் பிள்ளையும் கிளிக் கொலையும்

மகாராஜா காலத்துத் திருவனந்தபுரத்தில் டாக்டர்கள் பார்த்த நாக்குகளைவிடக் காய்ச்சல் பிள்ளை பார்த்த நாக்குகள் அதிகம். இத்தனைக்கும் அவர் டாக்டர் இல்லை. கோர்ட்டில் தீர்ப்புகளுக்கு நகல் எழுதும் குமாஸ்தா. வெள்ளைச் சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருப்பார்கள். அவர் தெர்மாமீட்டர் வைத்திருந்தார்.

காரணம் ஒரு ருஷ்ய நாவல். வாசகசாலையிலிருந்து எடுத்து வந்த ஆங்கிலப் புத்தகம், செங்கல் கனம். ஒரு ஏழை மாணவன் ஒரு கிழவியைக் கோடாலியால் வெட்டிக் கொன்றுவிடுகிறான். அதற்குப் பிறகு காய்ச்சலில் கிடந்து பிதற்றுகிறான். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் நாங்கள் பன்னிரண்டு பேர் தங்கிச் சாப்பிட்ட மெஸ்ஸில், பிள்ளை அந்தக் கதையை இரண்டு மாதம் பந்தியில் உட்கார்ந்து சொன்னார். ருஷ்யப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் கொலைகாரனுக்கு நாகப்பன் என்று பெயர் வைத்தார். கோடாலி இறங்கிய அன்று அப்பளத்தின் மேல் ஓங்கி ஒரு குத்து விட்டார். பக்கத்து இலைக்காரர் சட்டையெல்லாம் சாம்பார்.

"மனசுக்குள்ள குத்தம் இருந்தா உடம்பு கொதிச்சிரும் வே. ருஷ்யாக்காரன் கண்டுபிடிச்சுட்டான். நம்ம கோர்ட்டுல இன்னும் சாட்சி, சத்தியம்னு கெடந்து மாரடிக்கான்" என்பார்.

அன்றிலிருந்து மெஸ்ஸில் சோப்பு காணாமல் போனால் தெர்மாமீட்டர். யாராவது வாழைப்பழத்தைக் கூடுதலாகத் தின்றுவிட்டால் தெர்மாமீட்டர். "நாக்குக்கு அடியில வையும் வே, பேசப்படாது!" என்று கையில் கடிகாரத்தோடு நிற்பார். ஒரு தடவை கோர்ட்டு வராந்தாவில் நின்ற விலங்கிட்ட கைதியிடமும் வாயைத் திறக்கச் சொல்லி, போலீஸ்காரரிடம் வசவு வாங்கினார்.

மெஸ் நடத்திய அண்ணாச்சி ஆறடி உயரம், மீசை வேறு. அவர் ராணி என்று ஒரு கிளி வளர்த்தார். மனைவியை இழந்த மனிதர். அந்தக் கிளிக்குத் தன் கையால் பழம் ஊட்டிய பிறகுதான் அவர் வாயில் காப்பி இறங்கும்.

நான் இலாகாப் பரீட்சையில் தோற்ற நாளில் அண்ணாச்சி கூட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு, "தோத்துட்டியாடே?" என்று கேட்டார். பாசமாகத்தான் கேட்டார். கிளி அதைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் முதல் நான் வாசற்படி ஏறினால் "தோத்துட்டியாடே?" குளித்துவிட்டு வந்தால் "தோத்துட்டியாடே?" இலையில் கை வைத்தால் "தோத்துட்டியாடே?" பதினொரு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒரு மத்தியானம் தலைவலி என்று ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தேன். மெஸ்ஸில் யாரும் இல்லை. ராணி மட்டும் "தோத்துட்டியாடே?" என்று கேட்டது. நான் கூட்டின் கதவைத் திறந்துவிட்டு மாடிக்குப் போனேன். பறந்து போகட்டும் என்றுதான் திறந்தேன். அப்படித்தான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மதில்மேல் பூனை உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் திறந்தேன்.

சாயங்காலம் கூட்டின் கீழே பச்சை இறகுகள் கிடந்தன. அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அவ்வளவு பெரிய மனிதர் அழும்போது சத்தமே வரவில்லை.

"எவன் திறந்தான்?" என்றார் கடைசியில். பிள்ளை தெர்மாமீட்டரை உதறிக்கொண்டு எழுந்தார்.

எனக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. பிறந்த குழந்தைக்குக்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. கடைசியாக வேலாயுதன் வந்தார். விழிஞ்ஞத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், எங்களுக்குத் தண்ணீர் இறைப்பவர். கூட்டைக் கழுவுவதும் அவர்தான். நூற்றிரண்டு.

"ஞான் இல்ல அண்ணாச்சி! சத்தியமாட்டு ஞான் தொறக்கல்ல. மூணு நாளாயிட்டு பனியாக்கும், பனி!" என்றார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மூன்று நாளாக அந்தக் காய்ச்சலோடு எங்களுக்குத் தண்ணீர் இறைத்திருக்கிறார். அதை யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சி அவரை அப்போதே வெளியே அனுப்பினார். நான் தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கோர்ட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அவர் முதலில் தெர்மாமீட்டரை எடுத்து என் வாயில் வைத்தார். அதே தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. ரோட்டோரக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அந்தப் புஸ்தகம் பொய்யா வே?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உம்ம கத கெடக்கட்டும். வேலாயுதனைத் தூக்குல போட்டது நான்லா? காய்ச்சக்காரனுக்குக் கஞ்சி குடுக்காம தீர்ப்பு எழுதிட்டேனே!" என்றார். பிறகு, "அண்ணாச்சிகிட்ட நீரே போய்ச் சொல்லும்" என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கு மறுநாள் அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தியில் மோர் விடும் நேரம். பிள்ளை எழுந்து நின்றார். "அண்ணாச்சி, கூட்டைத் திறந்தது நான். வேலாயுதனைக் கூப்பிட்டுக்கிடும்."

"நீரா? எதுக்கு வே?"

பிள்ளைக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார். "கொன்னா காய்ச்சல் வருதான்னு பாத்தேன்" என்றார்.

உலகத்தில் வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். இவர் சொன்னதும் பத்துப் பேரும் உடனே நம்பினார்கள். அண்ணாச்சி அடிக்கக் கையை ஓங்கி, பிறகு அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு, "வெளிய போம்" என்றார். பிள்ளை என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். இரண்டாந்தரம் மோர் கேட்டு வாங்கினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காது சுடுகிறது.

அவர் டிரங்குப் பெட்டியோடு இறங்கிப் போன மறுவாரம் வேலாயுதன் திரும்பி வந்தார். கிணற்றடியில் என்னிடம், "பிள்ளை சார் நல்ல மனுஷனாக்கும். பின்னே எதுக்கு இப்படிச் செஞ்சாரு?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

அண்ணாச்சி உயிரோடு இருந்தவரை அவரிடம் நான் சொல்லவில்லை. மாற்றலாகி நாகர்கோவில் போய்ச் சேர்ந்த பிள்ளையும் சொல்லவில்லை. அவரை ஊரெல்லாம் கிளியைக் கொன்றவர் என்றே பேசியது.

நாலு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு, வரமாட்டார் என்ற தைரியத்தில் பத்திரிகை அனுப்பினேன். முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். தாலி கட்டி முடிந்ததும் அவரைத் தனியே இழுத்துப் போய், "ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கல?" என்று கேட்டேன். "பந்தி எப்ப வே போடுவாங்க? காலம்பற இருந்து பட்டினி" என்றார். மூன்று பாயசமும் குடித்துவிட்டுப் பந்தல் மூலையில் துண்டை விரித்துத் தூங்கிப்போனார். முகத்தில் ஈ மொய்த்தது. ஒரு விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை எங்கே என்று தேடி வந்தவர்களிடம், சத்தம் போடாதீர்கள் என்று கை காட்டினேன்.