டெமோனிகஸுக்கு மானம் போகவில்லை

"இந்த வருஷ நாடகத்துலயும் உங்க பேரு இல்லையாம். தண்ணி பிடிக்கிற இடத்துல பேசிக்கிட்டாங்க," என்றாள் மனைவி பிலின்னா, பார்லி மாவைப் பிசைந்துகொண்டே.

ஏதென்ஸ் நகரில் தத்துவம் கற்பிக்கும் டெமோனிகஸ் கடித்த அத்திப்பழத்தைத் தட்டிலேயே வைத்தார்.

வசந்தத் திருவிழாவில் போடும் நகைச்சுவை நாடகங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லிக் கிழித்துத் தொங்கவிடும். போன வருஷம் எதிர்த் தெரு வாத்தியார் கலிடெமஸைக் கிழித்தார்கள். அவர் ஒரு மாட்டைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பாடம் நடத்துவதாகவும், வகுப்பிலேயே மாடுதான் முதலில் தேறுவதாகவும் காட்சி. மறுநாள் கலிடெமஸ் வாசலில், பிள்ளைகளை அவரிடம் சேர்க்க அப்பாமார் கூட்டம். டெமோனிகஸிடம் மிஞ்சியது நான்கு மாணவர்கள். அதில் ஒருவன் தூங்குவதற்காக வருபவன்.

"ஊர்ல எல்லாரும் மானம் போயிடக் கூடாதேன்னு அலையறாங்க. நீங்க போகலையேன்னு அலையறீங்க."

"உனக்குப் புரியாது. மானம் போனாத்தான் மாணவன் வருவான்."

அவர் நேரே நாடகக் கவிஞன் ஹெகியாஸிடம் போனார். ஒத்திகை முற்றத்தில் அவன் பாட்டுக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"என்னையும் கொஞ்சம் அவமானப்படுத்தக் கூடாதா தம்பி?"

ஹெகியாஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"உங்களை வெச்சு நான் என்ன பண்றது வாத்தியாரே? குளிக்கிறீங்க. தலை சீவுறீங்க. நீங்க பேசுறது புரியலதான், ஆனா இந்த ஊர்ல யார் பேசுறது புரியுது? சிரிக்க ஒரு பிடி வேணுமில்ல?"

"பிடி கொடுத்தா?"

"கொடுங்க, பாப்போம்."

மறுநாளிலிருந்து டெமோனிகஸ் குளிப்பதை நிறுத்தினார். அதை யாரும் கவனிக்கவில்லை. தத்துவ வாத்தியார்கள் பலரும் அப்படித்தான் இருந்தார்கள். எனவே சந்தையில், கூட்டம் மிகுந்த நேரமாகப் பார்த்து, மீன்காரன் முன்னால் போய் நின்றார்.

"விலாங்கு ஈரமா இருக்கா, இல்ல ஈரம்தான் விலாங்கா இருக்கா?"

"வாங்குறியா, வழிய விடுறியா?"

"பதில் சொல்லப்பா. முதல்ல வந்தது ஈரமா, விலாங்கா?"

மீன்காரன் விலாங்கைத் தூக்கி அவர் கன்னத்தில் ஒன்று வைத்தான்.

"இப்ப ரெண்டும் ஒண்ணாத்தானே வந்துச்சு?"

சந்தை சிரித்தது. சிரித்தவர்களில் இரண்டு பேர் அவருடைய மாணவர்களின் அப்பாக்கள். சாயங்காலம் வகுப்பில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அதில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆனால் ஹெகியாஸ் ஓடி வந்தான். "விலாங்கு அருமை வாத்தியாரே! இந்த வருஷம் நீங்கதான். ஒரே ஒரு சிக்கல். உங்க வேஷம் கட்டுற கோரிபஸுக்குத் தத்துவம்னா என்னன்னே தெரியாது. நீங்களே வந்து கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன்."

டெமோனிகஸ் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஒத்திகைக்குப் போகத் தொடங்கினார். விழித்திருந்த மாணவன் காத்திருந்து அலுத்து, கலிடெமஸிடம் போய்ச் சேர்ந்தான். தூங்கியவன் மட்டும் விசுவாசமாக இருந்தான்.

கோரிபஸ் திருவிழா இல்லாத மாதங்களில் பானை விற்பவன். வேஷத்துக்கான துணித் தொப்பையைக் கட்டிக்கொண்டே பாடம் கேட்டான். டெமோனிகஸ் தம்முடைய புகழ்பெற்ற செருப்புத் தத்துவத்தை எடுத்தார். பொருள் அதன் செயலால் மட்டுமே பொருளாகிறது என்று தொடங்கி, இருப்பு, இன்மை, இயக்கம் எல்லாவற்றையும் சுற்றி அவர் வந்து சேர்வதற்குள் பாட்டுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

"அப்ப நடந்தா செருப்பு, நின்னா தோல். அதானே?" என்றான் கோரிபஸ்.

"அதை அப்படிச் சுருக்கக் கூடாதுப்பா. சுருக்கினா தத்துவம் போயிடும்."

"நீட்டினா ஜனங்க அத்திப்பழத்தால அடிப்பாங்க ஐயா."

டெமோனிகஸ் விட்டுக்கொடுத்தார். தம் பழைய போர்வையையும் கொடுத்தார். தாடியை நீவும் விதம், கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்லும் விதம், விடை தெரியாதபோது வானத்தைப் பார்க்கும் விதம் என்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

திருவிழா வந்தது. நாடகம் பார்க்க உட்காரும் மலைச்சரிவு முழுக்க ஜனம். மேடையில் செருப்பைத் திருடிக்கொண்டு ஓடியவனை ஊரே துரத்திப் பிடிக்கிறது. டெமோனிகஸ் முகமூடியோடு, நிஜத்தைவிட நீளமான மூக்கோடு, கோரிபஸ் நடுவே வந்து நின்றான்.

"விடுங்கப்பா அவனை. ஓரமாக் கிடந்ததைத்தானே எடுத்தான்? நடந்தா செருப்பு, நின்னா தோல்!"

மலையே குலுங்கியது. அடுத்த வரியைக் கேட்க முடியவில்லை. நிஜ டெமோனிகஸ் எழுந்து, ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டினார். முதல் பரிசும் அந்த நாடகத்துக்குத்தான். திரும்பும் வழியெல்லாம் குடிகாரர்கள் கூட அவருடைய தத்துவத்தைப் பாடிக்கொண்டே போனார்கள்.

விடிந்ததும் பிலின்னா அவரை உலுக்கினாள். "எழுந்திருங்க! வாசல் கொள்ளாம அப்பாமார் நிக்கிறாங்க, பிள்ளைங்களோட!"

டெமோனிகஸ் தாடியைத் தேவையான அளவு கலைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி கதவைத் திறந்தார்.

கூட்டத்தின் முன்னால் நின்றவர், விலாங்கு அடித்த அன்று மகனை வகுப்பிலிருந்து நிறுத்திக்கொண்ட எண்ணெய் வியாபாரி. அவர் கைகட்டி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"ஐயா, இத்தனை வருஷம் நீங்க சொல்லியும் என் பையன் மண்டையில ஏறாததை நேத்து ஒரே நாடகத்துல ஊருக்கே புரிய வெச்சாரே, உங்க வேஷம் கட்டினவரு... அவரு வீடு எந்தப் பக்கம்?"