கமீல் என்று எங்கள் வீட்டில் யாரும் இல்லை

துனிஸ், வியாழக்கிழமை

என் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மொங்கி மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஹயாத்தின் கணவன் லஸ்ஹர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நாங்கள் அனைவரும் சுகம். சுகம் என்றால், மூச்சு வந்து போகிறது என்ற அளவில் சுகம். ஸ்ஃபாக்ஸில் உங்கள் சர்க்கரை, உங்கள் முழங்கால், உங்கள் ஆலிவ் மரங்கள் எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். தொலைபேசி இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். தொலைபேசியில் நான் ஹலோ சொன்னதும் நீங்கள் பேச ஆரம்பித்தால், நீங்கள் முடிக்கும்போது எனக்குச் சொல்ல வந்ததே மறந்துவிடுகிறது. இருபத்தெட்டு வருடமாக இப்படித்தான். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதால் கடிதம்.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை மகள் எம்னா ஆபீஸில் தொழிற்சங்கம் ஆரம்பிக்கிறாள். இயக்குநரின் சம்பந்தியோடு ஏழு தடவை காபி குடித்து நீங்கள் வாங்கிக் கொடுத்த வேலை அது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள்மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே மூன்று எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. மூன்றுக்குமேல் வெளியே அனுப்புவதுதான் அங்கே வழக்கம். சங்கத்தை விட்டுவிட்டு மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் யோசிப்பதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். ஆகவே நீங்கள் சனிக்கிழமை முதல் வண்டியில் கிளம்பி வந்து, உங்களுக்கே உரிய அந்தக் குரலில் அவளிடம் பேசிச் சங்கத்திலிருந்து விலக வைக்க வேண்டும். நான் பேசிப் பார்த்தேன். என் குரல் குளிர்சாதன இயந்திரங்களோடு பேசிப் பழகிய குரல், பெண் பிள்ளைகளிடம் எடுபடவில்லை.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், உங்கள் தங்கையிடம்தான் ஆரம்பித்தது. எம்னாவின் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். பிரான்சில் லியோன் நகரத்தில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், இவள் துனிஸில் ஏரிக்கரை ஆபீஸில் உட்கார்ந்தபடியே அதை எழுப்பி உட்கார வைக்க வேண்டும். பேசுவது துனிஸ்காரி என்று அங்கே யாருக்கும் தெரியக்கூடாதாம், அதனால் சேர்ந்த அன்றே ஆளுக்கொரு பிரெஞ்சுப் பெயர் கொடுத்துவிடுவார்கள். எம்னா அங்கே கமீல் மார்த்தன். அவள் திரையில் ஓர் ஓரத்தில் லியோன் வானிலை எப்போதும் ஓடும், வாடிக்கையாளரிடம் பேச்சுக்குப் பேச்சு மழையைப் பற்றிச் சொல்வதற்காக. போன ஆகஸ்டில் நாயும் வெளியே வராத வெயிலில் இவள் குடையோடு வீட்டுக்கு வந்தாள். கேட்டதற்கு, "இன்னிக்கு மழைன்னு நெனச்சேன் பாபா" என்றாள். நானும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறேன், அதே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில்தான் இருக்கிறேன், ஆனால் குளிர்சாதனம் பார்க்கிறவனுக்குப் பிரெஞ்சுப் பெயர் தருவதில்லை. இயந்திரத்துக்கு நான் யாராக இருந்தாலும் ஒன்றுதான்.

மார்ச்சில் ஒரு நாள் எம்னாவின் கைப்பேசி கெட்டுப்போயிருந்தது. அவளுடைய வேலை நேரத்தை ஆபீஸில் திடீரென்று காலை ஆறு மணிக்கு மாற்றிவிட்டு, அதைச் சொல்ல வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தார்கள். ஹயாத் எடுத்தாள். கமீல் இருக்கிறாளா என்று கேட்டார்கள். கமீல் என்று எங்கள் வீட்டில் யாரும் இல்லை என்று வைத்துவிட்டாள். மறுபடியும் அழைத்தார்கள். நான்காவது தடவை உங்கள் குடும்பத்துக்கே உரிய முறையில் பதில் சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது. பிறகு நான் வந்ததும், "யாருங்க அந்தக் கமீல்?" என்று கேட்டாள். நம் எம்னாதான் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. இரண்டு நாள் எனக்குக் கறியில்லாத குஸ்குஸ்தான் கிடைத்தது. ஆறு மணிக்குப் போகாததற்கு எம்னாவுக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது.

இரண்டாவது எச்சரிக்கை ஒல்ஃபாவால் வந்தது. ஒல்ஃபா அடுத்த இருக்கைக்காரி, ஆபீஸில் சாந்த்ரீன், ஏழு மாதக் கர்ப்பிணி. இருக்கையை விட்டு எழுந்தால் நிமிடம் எண்ண ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் அனுமதி. ஒல்ஃபா மயங்கி விழுந்தாள், எம்னா அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் காற்றாட வைத்ததில் பத்தொன்பது நிமிடம் ஆகிவிட்டது. கூடுதல் ஏழு நிமிடத்துக்கு எச்சரிக்கை. அந்த ஏழு நிமிடத்துக்கு என்ன செய்திருக்க வேண்டும், பன்னிரண்டாவது நிமிடத்தில் கீழே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டுமா என்று எம்னா எழுதிக் கேட்டாள். அப்படிக் கேட்டதற்கு மூன்றாவது எச்சரிக்கை. அன்றைக்குத்தான் இந்தச் சங்கம் என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது.

இயக்குநர் எல்லாரையும் கூட்டி வைத்து நன்றாகத்தான் பேசினார். சங்கமெல்லாம் சுரங்கத்துக்கும் பஸ்ஸுக்கும் உரியது, நீங்கள் பொறியாளர்கள், நாம் ஒரு குடும்பம், வரவேற்பறையில் பிங்பாங் மேஜை போட்டிருக்கிறேன் என்றார். அந்த மேஜைமேல் யாராவது பந்து அடித்து நான் பார்த்ததில்லை, பன்னிரண்டு நிமிடத்துக்குள் அங்கே போய் மட்டையை எடுக்கவே நேரம் சரியாக இருக்கும். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன் மச்சான், எனக்கு அவர் பேச்சு பிடித்திருந்தது. கையில் கிரீஸ் படாதவன் எப்படித் தொழிலாளி ஆவான்? சுற்றுகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் குளிர்காற்றையும் வாங்கிக்கொண்டு, சங்கம் கேட்பதா? இதை வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். எம்னா ஒன்றும் கோபப்படவில்லை. தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள்.

"சுரங்கத்துல மூக்குல தூசி ஏறும், எனக்குக் காதுல லியோன் ஏறுது பாபா. ரெண்டும் உடம்புதானே?"

நாள் முழுக்க ஹெட்ஃபோன் அழுத்தியதில் காது சிவந்து, மேல்மடல் தடித்துப் போயிருந்தது. என் தட்டில் இருந்த கறித்துண்டை அவள் தட்டில் வைத்தேன். ஆனால் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதைத் தங்கள் பார்வைக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

இந்த இடத்தில் உங்கள் காதுக்கு வரக்கூடிய ஒரு வதந்தியை முன்கூட்டியே மறுத்துவிடுகிறேன். குளிர்சாதனம் நின்றுபோனால் எல்லாரும் இருக்கையை விட்டுப் படிக்கட்டுக்குப் போகவேண்டும், அந்த நேரம் மென்பொருள் கணக்கில் சேராது என்று ஒரு விதி இருக்கிறது. சங்கத்துக்கு ஐம்பது கையெழுத்து தேவைப்பட்ட அந்த வாரத்தில் இரண்டாம் மாடி இயந்திரம் திங்கள் மூன்று தடவையும் செவ்வாய் நான்கு தடவையும் நின்றது. இயந்திரம் பழையது. படிக்கட்டில் நின்றவர்கள் சும்மா நிற்காமல் ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அந்தத் தாள் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு என் கருவிப் பைக்குள் இருந்து போனதென்றால், பையை நான் எல்லா நேரமும் திறந்து பார்த்துக்கொண்டா இருக்கிறேன்? தாளில் என் கையெழுத்தும் இருந்தது உண்மைதான். பேனா எழுதுகிறதா என்று பார்க்கப் போட்டது.

ஐம்பதும் சேர்ந்ததும் எம்னாவும் இன்னும் இரண்டு பேரும் தாளை எடுத்துக்கொண்டு தேசியத் தொழிற்சங்கத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனார்கள். அந்த வட்டாரம் எம்னாவுக்கு வழி தெரியாது என்பதால் நானும் போனேன். அங்கே சல்வா என்று ஓர் அம்மாள். முப்பது வருடமாகத் துறைமுகத்துக்காரர்களோடு மல்லுக்கு நின்ற முகம். தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். கமீல் மார்த்தன். ஜூலியன் பெர்னார். சாந்த்ரீன் துபுவா. நத்தாலி ரூசோ. கடைசிப் பெயர்வரை படித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நாப்பத்தொம்பது பிரெஞ்சுக்காரங்க, ஒரு லஸ்ஹர் திலிலி. ஏம்மா, இத்தனை பேருக்கு விசா கொடுத்தது யாரு?"

நடந்தது என்னவென்றால், ஒருவருக்கொருவர் தெரிந்த பெயரைப் போடுங்கள் என்று எம்னா சொல்லியிருக்கிறாள். அவர்களுக்குத் தெரிந்த பெயர் அதுதான். வருடக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அடுத்தவரின் சொந்தப் பெயர் தெரியாது, கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. படித்த பிள்ளைகள் மச்சான். உலகத்தில் எந்த மூலையில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் பெயர் சொல்லி எழுப்பக் கூடியவர்கள். அந்தத் தாளில் செல்லுபடியான ஒரே ஆள், பத்தாவது முடிக்காத நான்தான். சல்வா அம்மாள் புதுத் தாளைக் கொடுத்து, அடையாள அட்டையில் இருப்பதை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். சனிக்கிழமைக்குள் ஐம்பது வந்தால் அன்றைக்கே கூட்டம், திங்கட்கிழமை விசாரணைக்குத் தானே துணைக்கு வருவதாகவும், ஒன்று குறைந்தாலும் வழியில்லை என்றும் சொன்னார்.

மறுநாள் இயந்திரம் வழக்கம்போல நின்றது. படிக்கட்டில் ஒவ்வொருவராகத் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லி எழுதினார்கள். ஜூலியன் முதலில் வந்தான். லம்ஜத், கஸ்ரீன்காரன் என்றான். அவனுக்கு முதுகைக் காட்டி நான்கு வருடம் உட்கார்ந்திருந்த நத்தாலி திரும்பிப் பார்த்து, "நானும் கஸ்ரீன்தான், மப்ரூகா" என்றாள். பெயர் பட்டிக்காட்டுப் பெயர் என்று வெட்கப்பட்டு இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லையாம். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். நான்கு வருடமாக இவர்கள் ஒருவரோடொருவர் பிரெஞ்சில் லியோன் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் சிரிக்க, மற்றவர்கள் சிரிக்க, பெயர் கேட்டவர்கள் ஊர் கேட்டு, ஊர் கேட்டவர்கள் அப்பா பெயர் கேட்டு, படிக்கட்டு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. இயந்திரத்தைத் திரும்ப ஓடவிட மனசே வரவில்லை. அதாவது, அது தானாக ஓட மனசு வைக்கவில்லை.

ஆனால் சொந்தப் பெயரில் கையெழுத்து என்றால் பயமும் சொந்தப் பயம்தானே. இன்றைய நிலவரம் நாற்பத்தொன்பது. முதல் தாளில் இருந்த ஒருவர் இரண்டாம் தாளில் பின்வாங்கிவிட்டார். அவர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, வயதானவர், ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி. எனக்கு இதில் நிம்மதிதான். ஒன்று குறைகிறது, சங்கம் நடக்காது, நீங்களும் வந்து நாலு வார்த்தை போட்டால் பிள்ளை மன்னிப்பு எழுதிக் கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொள்வாள். தயவுசெய்து வாருங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். இறைவன் உங்கள் முழங்காலுக்கு வலுவையும் எங்கள் வீட்டுக்கு அமைதியையும் தரட்டும் என்ற துஆவுடன்,

உங்கள் சொல்லை என்றும் தட்டாத மைத்துனன்
லஸ்ஹர்

பி.கு. இன்று செவ்வாய். கடிதம் ஐந்து நாளாக என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது, ஆகவே மேலே சொன்ன சனிக்கிழமைக்கு நீங்கள் கிளம்ப வேண்டாம், அது போய்விட்டது. பின்வாங்கிய அந்த வயதானவர் நான்தான் என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை காலை எம்னா எனக்குக் காபி ஊற்றினாள். வாதாடவில்லை, அழவில்லை. தாளை மட்டும் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "பாபா, பேனா எழுதுதான்னு இன்னொரு தடவை பாக்கறீங்களா?" என்றாள். எழுதுகிறது மச்சான், நன்றாகவே எழுதுகிறது. சனிக்கிழமை கூட்டம் நடந்தது. எம்னா செயலாளர், நான் துணைச் செயலாளர். எல்லா மாடிக்கும் யாரும் கேள்வி கேட்காமல் போகிறவன் நான் ஒருவன்தான் என்பதால்.

நேற்று விசாரணை. இயக்குநர் மூன்று எச்சரிக்கைக் கடிதங்களையும் வரிசையாக வைத்து, கமீல் மார்த்தன் என்பவர் இன்னின்ன நாளில் இன்னின்ன குற்றம் செய்தார் என்று படித்தார். சல்வா அம்மாள் எம்னாவின் அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்து, "இது எம்னா திலிலி. தப்புப் பண்ணின கமீலைக் கூட்டிட்டு வாங்க, நானும் சேர்ந்து கண்டிக்கறேன்" என்றார். நிறுவனத்தின் வக்கீல் மூன்று கடிதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் எங்கள் பிள்ளையின் பெயர் இல்லை. மூன்றும் ரத்து. பன்னிரண்டு நிமிடத்தைப் பற்றி அடுத்த வாரம் சங்கத்தோடு உட்கார்ந்து பேசுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சொந்தப் பெயரில்தான் பேசுவோம் என்பது எங்கள் முதல் தீர்மானம். லியோன்காரர்கள் கேட்டதும் ஓடிவிடுவார்கள் என்றார் இயக்குநர். இன்று காலை எம்னா ஒரு லியோன் வாடிக்கையாளரிடம் தன் பெயரைச் சொல்லியே பேச்சை ஆரம்பித்தாள். "சரி எம்னா, என் கம்ப்யூட்டர் மூணு நாளா திறக்கல, முதல்ல அதைப் பாருங்க" என்றாராம் அந்த மனிதர்.

ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துவிடுங்கள். ஆனால் அவசியம் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மீன் குஸ்குஸ் செய்வதாக ஹயாத் சொல்லியிருக்கிறாள். எம்னாவிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அவள் பேசட்டும், நாம் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு சாப்பிடலாம்.