சாகாத மானிட்டர்

அடுத்த தெருவில் பெவ் வீட்டு வாசல் புல்லில் ஒரு மெத்தையும் கால் உடைந்த சோபாவும் கிடந்தன. வாரிக் மானிட்டரைச் சோபாவுக்குப் பின்னால் இறக்கி வைத்தான். சுற்றியிருந்த துண்டை உருவிக்கொண்டு, சும்மா நடக்கிறவனைப் போல நடந்தான்.

மெல்பர்னின் அந்தப் புறநகரில் பெரிய சாமான்களை வாசலில் போட ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வாரம் உண்டு. வாரிக்கின் தெருவுக்கு முறை வர இன்னும் நாளிருந்தது. அடுத்தவர் வாசலில் கொண்டுபோய்ப் போடுவது அங்கே திருட்டைவிடக் கேவலம். ஐம்பத்தெட்டு வயதில் அதையும் செய்தாகிவிட்டது.

ஒரு சாமான் செத்தால்தான் இன்னொன்று வாங்கலாம் என்பது அவன் மனைவி நோலின் போட்ட சட்டம். அந்த வீட்டில் எதுவும் லேசில் சாகாது. ரொட்டி சுடும் டோஸ்டர் இரண்டு முறை பிழைத்து எழுந்திருக்கிறது.

குளிர்காலம் முழுக்க மானிட்டர்களைப் பற்றிப் படித்தான். போன ஞாயிறு காலை அவளுக்கு விளக்கவும் செய்தான்.

"ஹெர்ட்ஸ்னா என்ன?"

"ஒரு நொடிக்கு எத்தனை தடவை படம் புதுசாகுதுங்கிறது."

"நீ எடுக்கிறது கிளி போட்டோ. அது அசையவே அசையாதே."

"நிட்ஸ்னு ஒண்ணு இருக்கு. வெளிச்சத்தோட அளவு."

"ஜன்னல் திரையை இழுத்து விடு."

"ரெசல்யூஷன் கூட இருந்தா நுணுக்கமாத் தெரியும்."

"முதல்ல கண்ணாடியைத் துடை, கண்ணு."

அவன் சொல்ல வந்தது வேறு. அவன் எடுத்த ரொசெல்லாக் கிளியின் சிவப்பு செங்கல்போல இருக்கிறது என்று பறவைப் படக் குழுவின் போட்டி நடுவர் சொல்லிவிட்டார். கிளிமேல் குற்றமில்லை. பழைய திரையில் எந்தச் சிவப்பும் செங்கல்தான். அதை நம்பித் திருத்தினால் படமும் கெடுகிறது. பொய் சொல்லாத ஒரு சிவப்பை வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்வதற்குள் நோலின் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இப்போது வீட்டுக்குள் வந்ததும், "மானிட்டர் செத்துப்போச்சு," என்றான். "குப்பைக் கிடங்குல குடுத்துட்டேன்."

"பாவம்," என்றாள் நோலின். வேறொன்றும் கேட்கவில்லை. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. பேசிவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது மார்போடு அணைத்தபடி ஒரு மானிட்டர்.

"கதவைப் பிடி. பெவ் வாசல்ல கிடந்தது. எந்த மகராசன் போட்டானோ."

வாரிக் கதவைப் பிடித்தான்.

"எப்படின்னு பாத்துச் சொல்லேன். இவ்வளவு படிச்சிருக்கியே."

"பழசு. அறுபது ஹெர்ட்ஸ்தான்."

"ஆன் பண்ணாமலே சொல்றே. படிச்சவன் படிச்சவன்தான்."

"கலர் சரியா வராது, நோலின்."

"செத்துப்போன நம்மளோடதை விடவா?"

வாரிக் யோசித்தான். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

"அதே மாதிரிதான்."

"நல்லதாப் போச்சு. உனக்கும் பழகின கண்ணு."

ஒயரை அவளே மாட்டினாள். திரை உடனே வந்தது. அதைத் துடைத்த கையோடு அடுக்களைப் பக்கம் நடந்தவள், திரும்பாமலே சொன்னாள்.

"போன்ல பெவ்தான். அடுத்த தடவை வேற தெருவாப் பாத்துக்கச் சொன்னா. அவ வாசல்ல இடமில்லையாம்."

வாரிக் நாற்காலியில் உட்கார்ந்து கிளிப் படத்தைத் திறந்தான். செங்கல். மானிட்டரின் முதுகிலிருந்து புல்வெளி எறும்பு ஒன்று வெளியே வந்து, கிளியின் மார்பின் மேல் ஏறிப் போயிற்று. அவன் அதை ஒரு விரலில் ஏற்றி, ஜன்னலைத் திறந்து வெளியே விட்டான்.