செம்மஞ்சள் உருண்டைப் பெரும்போர்

வாழிய செல்லதுரை! இலங்கை நீங்கிக் கப்பலேறிக் கடல் கடந்த காளையே, ஓவேலித் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தரைக்கும் ரோதையை ஓட்டும் உருக்குத்தோளுடையோய், புறஊதா விளக்கில் காட்டினால் ஒளிவீசும் அருங்கல் உருண்டைகளைப் பால்மா டின்னில் இட்டுக் காத்த பெருந்தகையே, வாழிய!

பச்சை, நீலம், சிவப்பு என ஆறு நிறத்து உருண்டைகள் அந்த டின்னில் கொலுவீற்றிருந்தன. ஏழாவதான செம்மஞ்சள் மட்டும் தலைமன்னாரில் கப்பலேறுகையில் கைநழுவிக் கடலில் விழுந்தது. அன்றுமுதல், பாவம், அவன் சரியாகத் தூங்கியதில்லை.

ஊட்டி மார்க்கெட்டில், பழம்பொருள் விற்கும் மாரப்பன் கடையில், செம்மஞ்சள் ஒன்று வந்திறங்கியதென்னும் செய்தி மலைமுகடுகளைத் தாண்டி ஓவேலியை எட்டியது. அவன் செவியை மட்டுமா எட்டியது? அதே தொழிற்சாலையின் கிளார்க்கும், கோவை மண் ஈன்ற கோமானும், கல்லுருண்டை சேர்ப்பதில் அவனுக்குத் தீராப் பகைவருமான நாச்சிமுத்துவும் அவன் ஏறிய ஊட்டி பஸ்ஸிலேயே ஏறினார். இருவரும் வழிநெடுக ஒருவரையொருவர் பார்க்காதது போல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளிச்சத்தில் வெறும் உருளைக்கிழங்காய்க் கிடந்த அக்கல்லை மாரப்பன் கறுப்புத் திரைக்குள் வைத்து ஊதா விளக்கைப் போட்டதும், அது தணலெனத் தகதகக்க, இரு வீரர்களின் வெண்பற்களும் வெள்ளைச் சட்டைகளும் திகுதிகுவென ஒளிர, வலக்கரம் இரண்டும் ஒரே கணத்தில் உருண்டையைக் கவ்வின.

"ஏனுங்க, நாந்தானுங்க மொதல்ல தொட்டது! உசுரே போனாலும் உடமாட்டனுங்க!" என்று முழங்கினார் நாச்சிமுத்து.

"கடலுக்கு ஒண்ணு குடுத்துட்டு வந்தவன் நான். இதக் குடுக்கமாட்டேன் ஐயா!" என்று இடியென இடித்தான் செல்லதுரை.

மேசை ஆட, திரை கிழிய, மாரப்பன் முருகனை அழைக்க, பனிமலைக் காற்று கடைக்குள் பாய்ந்து நாச்சிமுத்துவின் குரங்குக் குல்லாவைப் பறித்தது. சமவெளியில் பிறந்த காது குளிரைத் தாங்குமோ? குல்லாவைப் பிடிக்கக் கையை எடுத்தார். செல்லதுரை விலையைக் கொடுத்துவிட்டு ஓட்டமெடுத்தான்.

வென்றதைக் காப்பது வெல்வதினும் கடிதன்றோ! தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் பகைவர் காத்து நிற்பாரென அஞ்சிய செல்லதுரை, தொழிற்சாலைக்குள் நுழைந்து, ரோதைகளைக் காக்கும் ரோதை முனியின் சூலத்தடியில் உருண்டையை ஒளித்தான். முனியின் இடத்தில் கைவைக்க எவனுக்குத் துணிவு வரும்? நிம்மதியாகத் தூங்கினான்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. முனிக்குப் பூசை செய்பவள் அவன் மனைவி தெய்வம்மா. அவன் எழுந்து ஓடிச் சென்றபோது, உருண்டை எண்ணெயில் முழுகி, மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டும் பூமாலையும் தாங்கி நின்றது.

"முனி தானா வந்து ஒக்காந்திருக்கு! ஒருத்தரும் கைய வச்சிராதீங்க!" என்று தெய்வம்மா அருள்வாக்குரைத்தாள். லயமே விழுந்து கும்பிட்டது.

கூட்டத்தின் நடுவே குல்லாவோடு நின்ற நாச்சிமுத்து கல்லைப் பார்த்தார்; செல்லதுரையைப் பார்த்தார். அது யாருடைய கல் என்று இருவருக்கும் தெரியும். இனி எவனாலும் அதைத் தொடமுடியாது என்பதும் தெரியும். செல்லதுரைக்கு அழுகை வந்தது. பக்தி என்று கூட்டத்தார் சொல்லிக்கொண்டார்கள். பகைவர் மெல்ல நெருங்கி அவன் தோளில் கைவைத்தார்.

பிறகு ஆளுக்கொரு பிடி அவல் வாங்கித் தின்றுவிட்டு இருவரும் வேலைக்குப் போனார்கள்.