சாயப்பொடி புதைத்த கரி

தண்ணீரைச் சந்தேகப்படுவதில் எங்கள் தெரு சாயப்பொடியை மிஞ்ச காஞ்சிபுரத்தில் ஆள் பிறக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் சாயப்பட்டறைகளுக்குச் சாயப்பொடியும், மயில்துத்தம் என்கிற நீலநிறச் செம்பு உப்பும் விற்ற ஏஜென்ட் அவர். அதனால் பெயரே அப்படியாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் பாயசம் மூன்று முறை கேட்டு வாங்குவார். தண்ணீர் டம்ளரை மட்டும் கொலைக்கேஸ் கைதியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தள்ளிவைப்பார். பாயசத்தில் தண்ணீர் இல்லையா என்று கேட்டால், அதெல்லாம் பால் என்று சாதிப்பார்.

நாங்கள் பல் துலக்கிய உமிக்கரியில் அவர் தண்ணீர் வடிகட்டினார். வாலாஜாபாத் அரிசி ஆலையிலிருந்து உமி மூட்டை வரும். கொல்லையில் அதைக் கரியாக்கி, அடியில் ஓட்டை போட்ட பானையில் நிரப்பி, தெருப் பொதுக் கிணற்றுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்குவார். பழைய கரியைச் சந்து மூலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் புதைப்பார். கேட்டால், விஷம், கிட்டே வராதே என்பார்.

பழைய ஜரிகைப் புடவையை எரித்து வெள்ளி எடுக்கிற ஊரில் இதற்கு மேல் என்ன வேண்டும்? புகை, குழி, ரகசியம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த எதிர்வீட்டுத் தறிக்காரர் ஏகாம்பரம், ஆள் திருட்டு ஜரிகையை எரித்து வெள்ளியைப் பதுக்குகிறார் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

சாயப்பொடி வெளியே போயிருந்த ஒரு காலையில் ஏகாம்பரமும் தெருக்காரர்களும் குழியைத் தோண்டினார்கள். கரியைக் கிணற்றடிக்கு அள்ளிவந்து, வெள்ளியைப் பிரிக்கத் திராவகம் ஊற்றிக் கழுவினார்கள். தண்ணீர் நீலப்பச்சையாக ஓடியது. ஏகாம்பரத்துக்கு வாயெல்லாம் பல்.

"செம்பு கரைஞ்சு வருதுபா. ஜரிகைக் கம்பில வெள்ளியோட செம்பும் இருக்கும். ஜரிகையேதான். பின்னாலயே வெள்ளி வரும் பாரு."

வந்தவர் சாயப்பொடி.

ஏகாம்பரம் அவரைத் திருடன் என்றார். இனிமேல் இந்தத் தெருவில் ஒரு பட்டறையும் உன்னிடம் பொடி வாங்காது என்றார். அதுதான் அந்த மனிதருக்கு இருந்த ஒரே பிழைப்பு. அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

"கழுவுன தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

"இங்கதான், கிணத்தாண்ட."

சாயப்பொடி ஓடிப்போய்க் கிணற்றுச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"யாரும் மொள்ளக்கூடாது. நான் விக்கிற மயில்துத்தம்தான் இது. பட்டறைங்க ஊத்துற சாயத் தண்ணி மண்ணுல எறங்கி, நேரா கிணத்துக்கு வந்துக்கினு இருக்குது. கரி அதைப் புடிச்சு வெச்சிருந்துச்சு. நீங்க கழுவி மறுபடி உள்ளயே உட்டுட்டீங்க."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டார். சாயப்பொடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"சொன்னா எங்கிட்ட பொடி வாங்குவீங்களா?"

இப்போது அவரே சொல்லிவிட்டாரே.

அன்று தன் பானையில் வடிந்த தண்ணீரை அவரே வீடு வீடாகக் கொண்டுவந்தார். முதல் டம்ளர் ஏகாம்பரத்துக்கு. ஏகாம்பரம், முதலில் நீ குடி என்றார். சாயப்பொடி கோபப்படாமல் பாதியைக் குடித்துக் காட்டிவிட்டு மீதியை நீட்டினார்.

அடுத்தது என் வீடு. தண்ணீரில் லேசாகக் கரி வாசனை அடித்தது. பிழைப்பே போனாலும் எங்கள் வயிற்றைக் காப்பாற்ற நின்ற அந்தச் சந்தேகப் பிராணியை எனக்கு அப்போது ரொம்பவே பிடித்துப்போயிற்று. தாகம் அடங்கிய பிறகும் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.