வெள்ளிக்காரரின் மொட்டைச் செடி

ஆறாவது தடவையும் பழுப்பாகவில்லை. குடுவையில் இருந்த தண்ணீர் அதே வெளிறிய பச்சையில், எனக்கென்ன வந்தது என்று நின்றது.

வெள்ளிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். இலையை வேகவைத்து வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் பிறக்கும். தண்ணீர் பழுப்பாகும். அந்தத் துகள்கள் கிருமிகளைக் கொல்லும். ஐந்து வருஷமாக இதைத் தவிர வேறு பேச்சே பேசாததால், அவர் மனைவி வைத்த பட்டப்பெயர்தான் வெள்ளிக்காரர்.

போன மாதம் ஒரே ஒரு நாள், கலந்த பத்தாவது நிமிஷம் ஜம்மென்று பழுப்பு வந்தது! கிருமி வளர்த்த தட்டில் துளி விட்ட இடத்தைச் சுற்றி ஒரு கிருமி மிச்சமில்லை. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் குதிக்காத குறை. ஆய்வேடு முழுவதும் அந்த ஒரு குடுவையை நம்பி எழுதப்பட்டது.

இப்போது தேர்வாளர், "கண்ணால பாத்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறார். பழுப்பு வராவிட்டால் பட்டம் அம்பேல்.

"இலை பத்தலையோ என்னமோ" என்றார் பேராசிரியர்.

அங்கேதான் சிக்கல். இலை, மனைவி பால்கனியில் மூன்று வருஷமாகக் கண்ணும் கருத்துமாக வளர்க்கும் தொட்டிச் செடியினுடையது. அவளிடம் கேட்காமல் பறித்தது.

"ஏங்க, செடி ஏன் இப்படி ஒரு பக்கமா மொட்டையா நிக்குது?"

"புழுவா இருக்கும்மா."

"புழு கத்தரிக்கோல் வெச்சு வெட்டுமா?"

"இப்பல்லாம் புதுசு புதுசா வருதே."

அவள் அன்றைக்கே பூச்சிமருந்து வாங்கிவந்து இலை இலையாகத் தெளித்தாள். மறுநாள் அவர் பறித்த இலையில் தண்ணீர் பால்போல் வெளுத்தது. மருந்து போகட்டும் என்று அடுத்த இலைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். குடுவை நுரைத்துப் பொங்கி மேஜை, பேனா, பேராசிரியரின் கைக்குட்டை எல்லாவற்றையும் நனைத்தது.

வியாழக்கிழமை மாலை, அவர் கத்தரிக்கோலோடு பால்கனியில் கையும் களவுமாகப் பிடிபட்டார்.

"ஓகோ! புழுவுக்கு மீசை வேற இருக்கா?"

அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நாளைக்கு மட்டும் கலர் மாறலன்னா அஞ்சு வருஷமும் போச்சும்மா."

அவள் செடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நான் என்ன உங்களைக் கடிச்சா தின்னுடப் போறேன்?"

மிச்சமிருந்த பதினோரு இலைகளையும் அவளே பறித்தாள். மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்கும் கூடவே வந்தாள். அவளை எந்தப் பிறவியில் என்ன புண்ணியம் செய்து அடைந்தோமோ என்று அவருக்குக் கண் கலங்கியது.

பதினொரு மணிக்குக் கலந்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது நிமிஷமும் ஆயிற்று. அதே வெளிறிய பச்சை.

தேர்வாளர் பேனாவை மூடினார். பேராசிரியர் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். மனைவி குடுவையிடம், "மாறித் தொலையேன், என் செடியே போச்சு" என்று முணுமுணுத்தாள்.

கதவோரம், துடைப்பமும் கையுமாக நின்ற துப்புரவு அக்கா தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"சார், இதுக்கு மேல மறைக்க எனக்கு மனசு கேக்கல... போன மாசம் பழுப்பு வந்துச்சே, அன்னிக்குக் காலையில மேஜை துடைக்கறப்ப உங்க இலைத்தண்ணி கொட்டிப்போச்சு, திட்டுவீங்களேன்னு பயந்து நான் குடிக்க வெச்சிருந்த பால் போடாத டீயை வெளுக்கத் தண்ணி கலந்து அதுல ஊத்தி வெச்சேன். இன்னிக்கும் அரை டம்ளர் இருக்கு, ஊத்தட்டுமா?"